கடவுச்சொல்லுக்கு ஒரு நன்னடத்தைப் பத்திரம்

வவுனியாப் பக்கத்துப் பட்டாணிச்சூர் ஜொஹறாவின் வியாபாரம் ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு அதைப் பாதுகாப்பதற்கென்று வவுனியாவில் ஒரு பணிமனை திறந்தார்கள்.

என்ன வியாபாரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஊரிலே தாய் தகப்பன் இருக்கிறார்கள். தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் வருகிறது. சமாதானமும் வந்து வன்னிக்குப் போகிற ஏ-ஒன்பது பாதையும் திறந்த பிறகு பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஜொஹறாவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவார்கள். அவள் கேக் அடித்து, சேலை எடுத்து, பழக்கூடை கட்டி, புருஷன் முபாறக்கின் வான் வண்டியில் ஏற்றி வன்னி முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுக்கிறபோது ஒரு படமும் பிடித்து அனுப்புவாள். நோர்வேயில் இருந்த ஒருவன் இரணைமடுவில் இருக்கிற தகப்பனுக்குக் கறவை மாடு கேட்டான். அதையும் கொண்டுபோய் இறக்கினார்கள். கழுத்தில் கட்டிய வாழ்த்து மட்டையை மாடு வழியிலேயே தின்றுவிட்டது. அதைத் தவிர அந்த வியாபாரத்தில் ஒரு முறைப்பாடும் வந்ததில்லை.

சோதனைச்சாவடியில் கேக்கைக் கம்பியால் குத்திப் பார்ப்பது வழக்கம். ஆகவே ஜொஹறா எப்போதும் இரண்டு கேக் அடிப்பாள். ஒன்று குத்துவதற்கு, மற்றது வெட்டுவதற்கு. சாவடியில் நின்றவர்களுக்கும் அது பழகிப்போய், குத்துகிற கேக் எது என்று கேட்டுக் குத்தி, குத்தியதைச் சாப்பிட்டுவிட்டு, வெட்டுகிற கேக்கைப் பத்திரமாக அனுப்பிவைப்பார்கள். பாதுகாப்பு என்றால் அப்படி இருக்கவேண்டும். எல்லோருக்கும் வயிறு நிறைந்தது.

இந்த வியாபாரம் முழுவதும் ஒரேயொரு மின்னஞ்சல் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. முல்லைத்தீவை விட்டு வந்து புத்தளத்து அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் கிடந்த காலத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினி வகுப்பில் ஜொஹறா அதைத் திறக்கப் பழகினாள். பெட்டிக்கு ஒரு கடவுச்சொல். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும், முபாறக்குக்கே தெரியாது. முபாறக்குக்குத் தெரியாமல் இருக்கவேண்டியது முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படியிருக்க, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியது சிறுவணிக இணையக் காப்புப் பணிமனை, வன்னிப் பிராந்தியம். இணையத்தில் கள்ளர் பெருகிவிட்டார்கள், அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஆகையால் இணையம் பாவிக்கிற சிறுவணிகர் எல்லோரும் முப்பது நாளுக்குள் பதிந்து காப்புச் சான்றிதழ் பெறவேண்டும், பெறாதவரின் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படும் என்று அதில் இருந்தது.

தொலைபேசியைத் துண்டித்தால் இணையம் போச்சு. இணையம் போனால் பெட்டி போச்சு. அதுவும் எந்த நேரத்தில்? ரொறன்ரோவில் இருக்கிற செல்வநாயகம் பரந்தனில் நடக்கப்போகிற தன் தங்கையின் கலியாணத்தை அப்படியே ஜொஹறாவின் கையில் ஒப்படைத்திருந்த நேரத்தில். கூறைச்சேலை, மணவறை, மூன்றடுக்குக் கேக், வீடியோ, அறுநூறு பேருக்குச் சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. செல்வநாயகம் நாளுக்கு நாலு கடிதம் போடுவார். தாய் தகப்பன் இல்லாத பெண், தமையனும் வரமுடியாத இடத்தில், அந்தப் பிள்ளையின் கலியாணம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று ஜொஹறா அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் சுற்றறிக்கை வந்த மறுநாளே பணிமனைக்குப் போய் நின்றாள்.

பணிமனையின் பொறுப்பதிகாரி பெயர் கதிர்காமநாதன். ஐம்பத்திரண்டு வயது, அயன் கலையாத சேட்டு, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் மூன்று பேனை. அவருக்குக் கீழே மீனம்மா என்று ஒரு லிகிதர். மேசைகள் இருந்தன, கதிரைகள் இருந்தன, முத்திரைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. கணினியைக் காணவில்லை. ஜொஹறா வாய் சும்மா இருக்காமல் அதைக் கேட்டுவிட்டாள். கதிர்காமநாதன் மூலையில் நின்ற இரும்பு அலுமாரியைக் காட்டினார். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு அவரிடம், மற்றது கொழும்பில்.

"இந்தப் பணிமனை திறந்து பதினாலு மாசம், தங்கச்சி," என்றார் அவர். "எங்கட கணினியில இண்டைவரைக்கும் ஒரு கள்ளன் கை வைக்கேல்லை. ஏனெண்டால் நாங்களே இன்னும் கை வைக்கேல்லை. முழு இலங்கையிலயும் இவ்வளவு பாதுகாப்பான கணினி வேறை இல்லை."

சொல்லிவிட்டு, படிவம் பதினேழை எடுத்து நீட்டினார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், இரத்த வகை. இதெல்லாம் எழுதி முடிய, கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நீண்ட இடம். அதன் தலைப்பில் கடவுச்சொல் என்று இருந்தது. ஜொஹறாவின் பேனை நின்றுவிட்டது. இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்றல்லவா தனக்குப் படிப்பித்தார்கள் என்று அவள் கேட்டாள்.

"நூற்றுக்கு நூறு சரி," என்றார் கதிர்காமநாதன். "சொல்லவே கூடாது. அதாலதான் எழுதித் தரச் சொல்லுறம்."

மூன்று பிரதி வேண்டும். ஒன்று பணிமனைக்கு, ஒன்று கொழும்புக்கு, ஒன்று விண்ணப்பகாரர் மறந்துபோனால் பார்ப்பதற்கு அவருடைய வீட்டுச் சுவரில் ஒட்ட. ஜொஹறா மேசையை விட்டு எழும்பப் பார்த்தாள். பரந்தன் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மீனம்மா பதிவுக் கொப்பியில் ஏற்றுவதற்காக ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்தாள். வரிசையில் நின்ற சீமெந்துக் கடைக்காரர், புடவைக் கடைக்காரர், கலியாணத் தரகர் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். கடவுச்சொல் குறட்டைராசா88.

அந்தச் சொல்லின் கதை இவ்வளவுதான். முகாமில் தென்னோலைக் கிடுகுச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதினெட்டுக் குடும்பம். முபாறக் விடுகிற குறட்டைக்கு அந்த வரிசையே பழகி, அவன் ஊரில் இல்லாத நாட்களில் ஒருத்தருக்கும் நித்திரை வராது. ஜொஹறா அவனுக்கு மனதுக்குள்ளே அந்தப் பட்டத்தைக் கட்டியிருந்தாள். எண்பத்தெட்டு அவர்கள் நிக்காஹ் நடந்த வருடம். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாத ஒன்றை யார் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் அதைக் கடவுச்சொல்லாக வைத்தாள்.

கதிர்காமநாதன் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிராம அலுவலரின் நன்னடத்தைப் பத்திரம் இணைக்கப்படவில்லை என்றார். தன்னுடைய நடத்தைக்கா என்று ஜொஹறா கேட்டாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆளின் நடத்தை வேறு பணிமனைக்குரியது, இங்கே கடவுச்சொல்லின் நடத்தைதான் பார்க்கப்படும் என்று விளக்கினார்.

கிராம அலுவலரான விதானையார் பரமேஸ்வரன் நல்ல மனுஷன். இருபது வருடமாக ஒரே வசனத்தை எழுதி எழுதிக் கை பழகியவர். ஜொஹறா வந்த காரியத்தைக் கேட்டு இரண்டு நிமிடம் தலையைச் சொறிந்தார். பிறகு, மேற்படி கடவுச்சொல் எனது பிரிவில் நிரந்தரமாக வசித்து வருகின்றது, என்னால் தனிப்பட்ட முறையில் அறியப்பட்டது, நன்னடத்தை உடையது, எவ்விதக் குற்றச் செயல்களுடனும் தொடர்பற்றது என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கொடுக்கும்போது, தனக்கும் இரவில் கொஞ்சம் குறட்டை இருக்கிறது, வைத்தியம் ஏதும் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

சான்றிதழ் இனிக் கிடைத்துவிடும் என்று ஜொஹறா நினைத்தாள். பதினான்கு நாள் பொது அறிவித்தல் போடவேண்டும் என்று கதிர்காமநாதன் சொன்னார். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் தபால் கந்தோர்ச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். கீழ்க்காணும் இரகசியக் கடவுச்சொல் பாதுகாக்கப்படவிருப்பதால் அது தொடர்பில் ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் அறிவிக்கவும் என்று இருந்தது. பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி. அது இல்லாமல் எந்தப் பெட்டியின் கடவுச்சொல் என்று பொதுமக்கள் எப்படி அறிவார்கள்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று காலை முபாறக் மீன் வாங்கப் போனான். மீன்காரன் எழும்பி நின்று, "வாங்கோ ராசா, பாரை நல்லாக் கிடக்கு," என்றான். இறைச்சிக் கடையிலும் அதே மரியாதை. பஸ் நிலையத்துச் சுவரில் போய் வாசித்துவிட்டு, மீனையும் வாங்காமல் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தான்.

"உண்மையைச் சொல்லு, ஜொஹறா. நான் குறட்டை விடுறனானோ?"

பதினாறு வருடமாக மனுஷனுக்கு அது தெரியாது. ஜொஹறாவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் இந்தக் கொடுமைக்காரர்கள் மேல் அழுகை அழுகையாய் ஆத்திரம். கொஞ்சம்தான் என்று சொல்லி வைத்தாள்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் என்ன என்று அன்றே பணிமனைக்குப் போய்க் கேட்டாள். தாராளமாக மாற்றலாம், படிவம் பதினெட்டு, புதிய கடவுச்சொல்லுக்கும் பதினான்கு நாள் அறிவித்தல் என்றார்கள். சொல்லாமல் மாற்றினால் அது காப்பு மீறல், உடனே இணைப்புத் துண்டிப்பு. ஜொஹறா திரும்பி வந்தாள்.

பதின்மூன்றாம் நாள் ஒரு ஆட்சேபணை வந்துவிட்டது. வந்தது ஏரம்புவிடமிருந்து. ஏரம்பு பென்சன் எடுத்து இளைப்பாறிய நீர்ப்பாசன மேற்பார்வையாளர். அறிவித்தல் பலகைகளை வாசித்து ஆட்சேபணை எழுதுவதுதான் இளைப்பாறிய பிறகு அவருக்கு உத்தியோகம். கிணறு தோண்டுவதற்கு எழுதியிருக்கிறார், மரம் தறிப்பதற்கு எழுதியிருக்கிறார், தன் சொந்தக்காரரின் கலியாணப் பதிவுக்குக்கூட எழுதியிருக்கிறார். கணினியை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் குறட்டைராசா என்ற பட்டம் தன்னுடையது என்று நாலு பக்கத்தில் வாதாடியிருந்தார். எண்பதாம் ஆண்டு ஒட்டுசுட்டானில் வயற்காவலுக்குப் போய்க் குடிலில் படுத்தபோது, தன் குறட்டைச் சத்தத்துக்கு மூன்று யானைகள் காட்டுக்குள் திரும்பி ஓடின என்றும், ஊரார் கூடி அந்தப் பட்டத்தைத் தந்தார்கள் என்றும், இது கண்டவன் நின்றவனின் கணினிக்குள் போவதைத் தன்னால் பொறுக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்.

ஆட்சேபணை வந்தால் விசாரணை. கதிர்காமநாதன் தவிசாளர், அவரோடு கொழும்பிலிருந்து இரண்டு நிபுணர்கள். இருதரப்பும் வாய்ச்சொல்லால் மட்டும் நிரூபிக்க முடியாது என்பதால் நேரடிப் பரிசோதனை நடத்துவது என்று தீர்மானித்தார்கள். மத்தியானம் இரண்டு மணி. முதலில் எல்லோருக்கும் புரியாணி, அதுவும் ஜொஹறாவின் செலவில், ஏனென்றால் விண்ணப்பகாரர் அவள்தானே. பிறகு கூட்ட மண்டபத்தில் இரண்டு பாய் விரித்து ஒன்றில் முபாறக்கையும் மற்றதில் ஏரம்புவையும் படுக்க வைத்தார்கள். தவிசாளரும் நிபுணர்களும் எதிரே கதிரைகளில் இருந்து அவதானித்தார்கள். மின்விசிறி சுழன்றது. மீனம்மா குறிப்பெடுத்தாள்.

முபாறக்குக்கு வெட்கத்தில் நித்திரை வரவில்லை. பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஏரம்பு வாயைத் திறந்து யாராவது பார்க்கிறார்களா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏதோ ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு யானை என்ன, ஆட்டுக்குட்டியும் ஓடாது. ஆனால் மண்டபம் அதிர்ந்தது உண்மை. மீனம்மாவின் அறிக்கையை அப்படியே தருகிறேன். பிற்பகல் இரண்டு பதினைந்துக்கு முதலாம் நிபுணர் நித்திரை. இரண்டு இருபதுக்கு இரண்டாம் நிபுணர் நித்திரை. இரண்டு இருபத்தைந்து முதல் நாலு மணிவரை அதிகூடிய சத்தம், கௌரவ தவிசாளருடையது.

இது எழுத்தில் ஏறிவிட்டது. எழுத்தில் ஏறியதை அழிக்க அவர்களிடம் படிவம் இல்லை. கதிர்காமநாதன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"நீதியெண்டால் தன் பிறன் பாராமல் இருக்கவேணும். விண்ணப்பகாரரின்ர கணவருக்கும் ஆட்சேபணைகாரருக்கும் சாட்சியத்தின்படி எனக்கும் இந்தக் கடவுச்சொல்லில உரித்து இருக்கு. ஆகவே இது மூண்டு பேருக்கும் பொது. மூண்டு பேரும் பாவிக்கலாம். ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பெண்டால் பயம்தான். விண்ணப்பகாரரோட சேர்த்து நாலு திறப்பு இருந்தால் எவ்வளவு பாதுகாப்பு."

சான்றிதழ் அன்றே கிடைத்தது. தங்க நிற ஓரம், நாலு முத்திரை, நடுவில் பெரிதாகக் குறட்டைராசா88. வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிடவேண்டும் என்பது நிபந்தனை.

அதன் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. உரித்துக் கிடைத்த ஏரம்பு முதன்முதலாக இணையம் பார்க்கிற ஒரு நெற் கபேக்குப் போய், அங்கிருந்தவரைக் கொண்டு பெட்டியைத் திறந்து, வந்திருந்த கடிதங்களையெல்லாம் ஆறுதலாக வாசித்தார். உரித்து இல்லாதவர்களும் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். புடவைக் கடைக்காரர் ஜொஹறா மாதிரியே செல்வநாயகத்துக்குப் பதில் எழுதி, கூறைச்சேலை தன் கடையில்தான் நல்லது என்றார். கலியாணத் தரகர் செல்வநாயகத்துக்கே இரண்டு பெண்ணின் படம் அனுப்பினார். மனுஷனுக்கு ஏற்கெனவே கலியாணமாகி மூன்று பிள்ளை. பணிமனையும் விடவில்லை. அலுமாரிக்குள் இருக்கிற கணினியை எடுக்க முடியாததால் மீனம்மா தினமும் காலை அதே நெற் கபேக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, கடிதங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, தங்கள் பெட்டி இன்றும் பாதுகாப்பாக உள்ளது என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு வருவாள்.

ஜொஹறா இரவும் பகலும் பெட்டியைத் துடைத்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மறுப்புக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் வேறொரு ஜொஹறா அதையும் மறுத்துக் கடிதம் போட்டுவிடுவாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது மட்டுமில்லை, குரங்கு இப்போது கடிதமும் எழுதிற்று.

கலியாணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை செல்வநாயகத்தின் கடிதம் வந்திருந்தது. நீங்கள் நேற்று எழுதியபடி முகூர்த்தத்தில் குற்றம் இருப்பதால் கலியாணத்தை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கச் சம்மதிக்கிறேன், மாப்பிள்ளை வீட்டார் கடும் கோபம், இதற்குள் வேறு இடம் பார்ப்போம் என்கிறார்கள், இருந்தாலும் உங்கள் சொல்லை நம்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

ஜொஹறா அப்படி ஒன்றும் எழுதவில்லை. ஏரம்புதான் எழுதியிருந்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தத்துக்கு எட்டு ஆட்சேபணை, இலக்கம் போட்டு, கீழே இப்படிக்கு ஜொஹறா.

இவ்வளவு நாளும் பொறுத்தாயிற்று, புருஷனை ஊர் சிரித்தது, பெட்டியை ஊர் வாசித்தது, எல்லாம் போகட்டும். ஒரு அநாதைப் பிள்ளையின் கலியாணத்தை இந்த முத்திரைகள் குழப்பப் பார்த்தால் விடுவதா? இணைப்பை வெட்டினால் வெட்டட்டும், நான் முகாமில் செய்ததுபோல மறுபடி சாக்கு விரித்து மரக்கறி விற்கிறேன் என்று நினைத்தாள். நினைத்த கையோடு கடவுச்சொல்லை மாற்றினாள். படிவம் இல்லை, முத்திரை இல்லை, சாட்சி இல்லை. முபாறக் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். அவள் கையால் மறைத்துக்கொண்டு தட்டினாள்.

அடுத்ததாக ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கே இரவு. தான் ஜொஹறா கதைக்கிறேன் என்றதும் செல்வநாயகம் பெருமூச்சு விட்டார்.

"நீங்கள் எத்தினையாவது ஜொஹறா?" என்று கேட்டார்.

அவள் நடந்ததையெல்லாம் ஒப்புவித்தாள். அவர் நம்பவில்லை. யார் நம்புவார்கள்? ஒரு பணிமனை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியது என்று என்னிடம் சொல்லியிருந்தால் நானும்தான் நம்பியிருக்கமாட்டேன். செல்வநாயகம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேக்கை ஏழடுக்காக மாற்றமுடியுமா, மணவறைக்கு ஒல்லாந்திலிருந்து வருகிற பூ வைக்கமுடியுமா, தங்கையை யானையில் ஏற்றி ஊர்வலம் விடமுடியுமா என்று கேட்டார். ஜொஹறாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏழடுக்கு வானுக்குள்ள நிக்காது. அந்தப் பூ பரந்தன் வெயிலுக்கு ஒரு மணித்தியாலம் தாங்காது. ஆனையில ஏத்த ஏலவே ஏலாது, அந்தப் பிள்ளை மாட்டு வண்டிலுக்கே பயப்பிடுறவா. ஒண்டும் நடக்காது, விளங்குதோ? முதல் சொன்னதுதான்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மற்ற ஜொஹறாக்கள் எல்லோரும் கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று எழுதினார்களாம். முடியாது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான், ஆகையால் இவள்தான் உண்மையான ஜொஹறா என்றார். அன்றே மாப்பிள்ளை வீட்டாரோடு கதைத்துச் சமாளித்தார். வெள்ளிக்கிழமை மாறவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பணிமனையின் ஜீப் ஜொஹறாவின் வாசலில் வந்து நின்றது. கதிர்காமநாதன் இறங்கினார், பின்னால் பைல் கட்டோடு மீனம்மா. அவர் முகத்தில் இழவு வீட்டுக் களை. ஜொஹறா கதிரை போட்டாள். அவர் இருக்கவில்லை.

"தங்கச்சி, இண்டைக்குக் காலமை உங்கட பெட்டிக்குள்ள எங்களால போக ஏலாமக் கிடக்கு. ஏரம்பு ஐயாவும் முயற்சி செய்து பாத்தவர், ஏலேல்லை. புடவைக் கடைக்காரர் நேர வந்து முறைப்பாடு தந்திருக்கிறார். ஒருத்தராலயும் உள்ள போக ஏலாத அளவுக்கு உங்கட பெட்டியில பாதுகாப்பு சீர்குலைஞ்சு போச்சு."

கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாக ஜொஹறா நேராகவே சொன்னாள். இப்போது இணைப்பை வெட்டிவிடுவார்கள், பெட்டியும் வியாபாரமும் இத்தோடு சரி என்று அவளுக்குத் தெரியும். கதிர்காமநாதன் துண்டிப்புப் படிவம் இருபத்துமூன்றை எடுத்து வைத்து, சிவப்புப் பேனையால் நிரப்பத் தொடங்கினார். பெயர், விலாசம், இரத்த வகை. பேனை ஒரு கட்டத்தில் வந்து நின்றது. துண்டிக்கப்படும் நாளில் நடைமுறையிலுள்ள கடவுச்சொல் என்று அந்த இடத்தில் இருந்தது.

அவர் நிமிர்ந்து ஜொஹறாவைப் பார்த்தார். ஜொஹறா சுவரைப் பார்த்தாள்.

அரை மணித்தியாலம் கெஞ்சினார். அதைச் சொன்னால்தானே வெட்டலாம், வெறும் கட்டத்தோடு அனுப்பினால் கொழும்பில் திருப்பி அனுப்புவார்கள், தன் உத்தியோகத்தில் இதுவரை ஒரு கட்டமும் வெறுமையாகப் போனதில்லை என்று சொன்னார். ஒத்துழைக்கச் சொல்லி முபாறக்கிடமும் கேட்டுப் பார்த்தார். முபாறக் உண்மையிலேயே தனக்குத் தெரியாது என்றான், சொல்லும்போது குரலில் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது. மீனம்மா பைலால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசியில் ஜீப் படிவத்தோடு திரும்பிப் போனது. அந்தக் கட்டம் இன்றைக்கும் வெறுமைதான்.

வெள்ளிக்கிழமை பரந்தனில் கலியாணம் நடந்தது. குத்துகிற கேக் சாவடியில் முடிந்தது, வெட்டுகிற கேக் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பெண் மணவறையில் இருந்துகொண்டு, பந்தல் வாசலில் நின்ற ஜொஹறாவைக் கைகாட்டிக் கூப்பிட்டுத் தமையனுக்கு அனுப்புகிற முதல் படத்தில் பக்கத்தில் நிற்கவைத்தாள். ஜொஹறா முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் அந்தப் படத்தில் விழுந்துவிட்டது.

பணிமனை தன் வேலையைச் செய்தது. மாத முடிவில் ஓர் அறிக்கை வெளியிட்டு, வழக்கம்போல் சுவர்களில் ஒட்டியது. வன்னிப் பிராந்தியத்தில் பதியப்பட்ட நாற்பத்திரண்டு பெட்டிகளில் நாற்பத்தொன்று எவரும் எந்நேரமும் திறந்து பார்க்கக்கூடிய திருப்திகரமான நிலையில் உள்ளன. ஒன்று மாத்திரம் எவராலும் திறக்க முடியாத அபாய நிலையில் உள்ளது. பொதுமக்கள் அவதானமாக இருக்கவும். உரிமையாளர் ஜொஹறா, பட்டாணிச்சூர்.

மறுநாள் காலை வாசலைத் திறந்த ஜொஹறா திகைத்துப்போனாள். வீதிவரைக்கும் வரிசை. சீமெந்துக் கடைக்காரர், புத்தகக் கடைக்காரர், மருந்துக் கடை அம்மா, தையற்கடை அண்ணன். வெட்கத்தோடு புடவைக் கடைக்காரரும் நின்றார். அவருடைய பெட்டியைத் தரகர் மேய்ந்துகொண்டிருந்தாராம். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அந்த அபாயப் பட்டியலில் தங்கள் பெயரும் வர என்ன செய்யவேண்டும்?

ஜொஹறா ஒவ்வொருவரையும் கணினிக்கு முன்னால் இருத்தி, மாற்றுகிற இடத்தைக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தட்டி முடிந்ததும் சொல்லுங்கோ, எனக்கும் தெரியக்கூடாது என்றாள். அது அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. முத்திரைகூட வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

பின்னேரம் வரிசை முடிந்து, அவள் சமைக்கக் குசினிக்குப் போகத் திரும்பியபோது வேலிப் பக்கத்துப் படலை மெதுவாகத் திறந்தது. கதிர்காமநாதன். ஜீப் இல்லை, சைக்கிள். பின்பக்கத்து ஒழுங்கை வழியாக வந்திருக்கிறார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தன் சொந்தப் பெட்டியைத்தான் முதன்முதலாகப் பதிந்தாராம். இப்போது மாமியார் தினமும் வாசித்து விளக்கம் கேட்கிறா, ஏரம்பு வாரம் ஒரு ஆட்சேபணை எழுதுகிறார், வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். ஜொஹறாவுக்குப் பாவமாய்ப் போய்விட்டது. இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து, இடத்தைக் காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

தட்டுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. பிறகு நின்றது. கதிரை நகர்ந்தது. முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு ஜொஹறா திரும்பினாள்.

கதிர்காமநாதன் எழும்பி நின்றார். முகத்தில் பல மாதத்துப் பாரம் இறங்கிய சந்தோஷம். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்தார், ஒரு துண்டுக் கடதாசியில் கவனமாகக் கட்டம் கட்டமாக எழுதினார், இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"இதுதான் புதுசு, தங்கச்சி. ஒருக்கால் சரிபாத்து, கீழ ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ."